வளைவிலே எண்ணெய் அமுக்கம்

மோட்டார்ப் பந்தயத்திலே நேர்ப்பாதையில் ஓடுங் காரின் எஞ்சின் திடீரென உடைந்து நின்றுவிடின், வேகம் மிகுந்தமையாற் கெட்டது என்பர் காண்போர். பல வேளைகளில் அக்கேடு முன்னர்க் கடந்த வளைவுகளிலேயே தொடங்கியிருக்கும்.

கிராங்கு எனப்படுஞ் சுழல்தண்டு தன் போதிகைகளைத் தொட்டுச் சுழல்வதன்று. மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில கூறு தடிப்புள்ள எண்ணெய்ப் படலமொன்று இடையே நின்று அதனைத் தாங்குகின்றது. அப்படலம் வற்றாவண்ணம் எண்ணெய் ஊட்டுவது பம்பியின் தொழில். பம்பியோ, எஞ்சினின் அடித்தட்டிலே தேங்கிய எண்ணெயைக் குழாய் வாயினால் உறிஞ்சுகின்றது.

கார் வளைவிலே திரும்புங்கால் எண்ணெய் வெளிப்பக்கமாக ஒதுங்கும். பக்க ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலுக்குச் சமமாயின் எண்ணெய் மட்டம் 45 பாகை சாயும். நான்கு மடங்காயின் (இக்காலத்துப் போர்மியூலா வண் கார்களுக்கு இஃது அரிதன்று) 76 பாகை சாய்ந்து, ஏறக்குறையச் சுவர்போல் நிற்கும். குழாய் வாய் வெறுமையாகப் பம்பி காற்றை உறிஞ்சும். நிமிடத்துக்கு 6000 முறை சுழலும் எஞ்சின் இரண்டு விநாடியில் 200 முறை சுழன்றுவிடும். அத்தனை சுற்றும் உலோகத்தோடு உலோகம் உராயின் போதிகை தாங்குமோ?

அந்த இரண்டு விநாடியும் சாரதியின் கண் பாதையின் மேலன்றி மானியின் மேல் இராது. நேர்ப்பாதைக்கு வந்து அவர் நோக்குங்கால் முள் தன்னிடத்துக்கு மீண்டிருக்கும். எல்லாம் நலமென எண்ணி மேலும் வேகங் கூட்டுவார். ஆதலின் இன்று அமுக்கத்தைக் கருவி தானே பதிந்து வைக்கின்றது.

அமுக்கம் மாத்திரம் பதிந்தாற் போதாது. வளைவுக்கு முன் வேகங் குறையச் சுழற்சி குறையும்; சுழற்சி குறைய அமுக்கமும் இயல்பாகவே தாழும். அதனை நோயென மயங்குவாருமுளர். சுழற்சி, பக்க ஆர்முடுகல், அமுக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வரைந்து பார்த்தல் வேண்டும். சுழற்சி நிலைத்திருக்க, பக்க ஆர்முடுகல் ஏறுமிடத்து அமுக்கம் மாத்திரம் வீழுமாயின், பம்பிக்கு எண்ணெய் எட்டவில்லை என்பது துணிபு. உறிஞ்சுவாய் அமைந்த இடத்தைப் பொறுத்து, இடப்பக்க வளைவிலே வீழும் எஞ்சின் வலப்பக்க வளைவிலே வீழாதிருத்தலும் உண்டு.

1000 சுழற்சிக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் என்பது பந்தயக்காரரின் பழங்கணக்கு. 6000 சுழற்சியில் 60 இருக்க வேண்டியது 20 ஆயினும் சாதாரணக் காரின் சிவப்பு விளக்கு வாளாவிருக்கும். அது பெரும்பாலும் 10 இறாத்தலுக்குக் கீழே வந்த பின்னரே ஒளிரும். எனவே உயர்ந்த அளவிலேயே ஒளிரும் பெரிய விளக்கொன்றைச் சாரதியின் பார்வைக்கு நேரே பொருத்துவர்.

பரிகாரமாக அரை லீற்றர் எண்ணெயைக் கூட ஊற்றுவோர் பலர். அளவு மிஞ்சின் கிராங்கு அதனைத் தயிர்போற் கடைந்து நுரையாக்கிவிடும். அடித்தட்டினுள்ளே தடுப்புத் தகடுகள் அமைத்தல் அதனினும் நன்று. எண்ணெயை அடித்தட்டிலே தேங்கவிடாது வேறு பம்பிகளால் வாங்கி, உயர்ந்தொடுங்கிய தனித் தாங்கியிலே சேர்த்தல் அனைத்தினும் சிறந்தது. 1964இல் விற்பனைக்கு வந்த போர்சே 911 காரும், 1967இல் பந்தயத்திற் புகுந்த கொஸ்வேர்த் டி.எவ்.வி. எஞ்சினும் அவ்வகையின. அவற்றிலும் தாங்கியின் எண்ணெய் குறையத் தொடங்குங்கால், நெடிய வளைவொன்றிலே வீழும் அமுக்கமே அதனை முதலில் அறிவிக்கும்.