மாந்தமும் குடலழிவு நோயும்

பால் உண்ட குழவி வயிறு பொருமிக் கக்குமாயின், அதனை ‘மாந்தம்’ என்பது தமிழ்நாட்டு வழக்கு. பாலவாகட நூல்கள் அதனைப் பல வகைப்படுத்துகின்றன. செரியாமையைச் சுட்டும் இச்சொல், குறைமாதக் குழவியிடத்து ஆளப்படுங்கால் பெருங்கேடொன்றை மறைத்துவிடக் கூடும் என்பதே ஈண்டு யாம் கூறக் கருதுவது.

37 வாரம் நிரம்புமுன் பிறந்தாரை, அவருள்ளும் 32 வாரத்திற்கு முற்பட்டாரை, மிகுதியாகப் பற்றும் குடல்நோய் ஒன்றுண்டு. மேலை மருத்துவர் அதனை ‘நெக்ரோடைசிங் எண்டரோகோலைட்டிஸ்’ என்பர். ‘நெக்ரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் பிணத்தைக் குறிக்கும், ‘எண்டரான்’ குடல், ‘கோலன்’ பெருங்குடல். குடற்சுவர் அழற்சியுற்று உயிரற்றுப் போதலின் ‘குடலழிவு நோய்’ எனல் பொருந்தும். வாளா ‘குடலழற்சி’ எனின் அதன் கொடுமை புலப்படாது.

இதன் முதற்குறிகள் மாந்தத்தையே ஒத்தன: பால் ஏலாமை, பொருமல், சோர்வு. பச்சை நிறப் பித்தவாந்தியும், மலத்திற் குருதியும், மூச்சு இடையிடையே நிற்றலும் வேறுபாடு காட்டுவன. எக்சுகதிர்ப் படத்திற் குடற்சுவரினுள் காற்றுக் காணப்படின் ஐயம் நீங்கும். 1978-இல் பெல் முதலியோர் இந்நோயை மூன்று நிலைகளாக வகுத்தனர். முதல் நிலையில் ஐயமன்றித் தெளிவில்லை. எனினும் அப்போதே வாய்வழி ஊட்டலை நிறுத்தி, குருதிக்குழாய் வழி ஊட்டமும் நுண்ணுயிர்க்கொல்லியும் அளிப்பர். குடல் துளைபட்டுவிடின் அறுவை வேண்டப்படும். (தாய்ப்பால் இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும், இதனையும் உடன் உரைத்தல் நன்று.)

அஞ்செட்டியை அடுத்த நாட்றாம்பாளையம் போன்ற மலையூர்களில், வீடு திரும்பிய குறைமாதக் குழவிக்கு மாந்த மருந்து புகட்டி ஓரிரவு காத்திருத்தல் ஆகாது. ஆங்குச் செல்லும் செவிலியர் ‘மாந்தமா?’ என வினவுதலினும், ‘கக்கியது என்ன நிறம்?’ என வினவுதலே தக்கது.