வெயிட் போடும் முன் வரும் ஆவி

குக்கரை அடுப்பில் ஏற்றியதுமே வெயிட்டைப் போடக் கூடாது, ஆவி நன்றாக வந்த பிறகுதான் போட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்போம். உள்ளே அடைந்திருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும் என்பதே காரணம். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமியற்றதாக்கும் ஆட்டோகிளேவுக்கும் இதுதான் உயிர்நாடி.

கருவிகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் போதாதா? போதாது. ரணஜன்னிக் கிருமி போன்ற சில பாக்டீரியாக்கள், சூழல் கெட்டால் தடித்த உறைக்குள் ஒடுங்கி வித்துகளாகிவிடும். 100 டிகிரி கொதிநீரிலும் அவை பிழைத்துக்கிடக்கக்கூடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ஏற வேண்டுமானால் ஆவியை அடைத்து அழுத்தம் கூட்ட வேண்டும். நுண்ணுயிரியல் அறிஞர் லூயி பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சாம்பர்லாந் 1879-இல் பாரிசில் உருவாக்கிய ஆட்டோகிளேவ் அதைத்தான் செய்தது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் ஆவி 121 டிகிரியை எட்டும். அங்கே 15 நிமிடம் வைத்தால் வித்துகளும் மடியும். 134 டிகிரியில் 3 நிமிடமே போதும்.

வெறும் உலர்சூட்டில் இதே வேலைக்கு 160 டிகிரியில் 2 மணி நேரம் ஆகும். ஏன் இத்தனை வித்தியாசம்? இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தவர்களுக்குத் தெரியும். ஆவி குளிர்ந்த பொருளைத் தொட்டு நீராகும்போது, தனக்குள் வைத்திருந்த வெப்பத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்த ஈரச்சூட்டில் கிருமியின் புரதம் முட்டை வெந்ததுபோல் உறைகிறது. கத்தரிக்கோலின் மூட்டில் காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் ஆவி அங்கே எட்டாது. அதனால்தான் பெரிய ஆட்டோகிளேவ்கள் காற்றை முதலில் பம்பு வைத்து உறிஞ்சிவிடுகின்றன.

காய்ந்த ரத்தமும் காற்றைப் போலவே ஒரு கவசம். எனவே, மூட்டுகளைத் திறந்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவும் ஊழியரின் வேலைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவருக்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

சூடு தாங்காத பிளாஸ்டிக் கருவிகளுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே காமா கதிர்.

ஆட்டோகிளேவில் வைத்தெடுத்த கருவிப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்திருந்தால், அது சூட்டைப் பார்த்துவிட்டது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்று அறிய, சூட்டுக்கு எளிதில் மசியாத பாக்டீரியா வித்துகளை உள்ளே வைத்தெடுத்து, பிறகு அவை வளர்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, கருவிப் பொட்டலத்தை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். எப்படிக் கிருமி நீக்கினீர்கள் என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.