அர்பஜாவின் தங்க மூக்கு

அறியாமைக் காலத்துக் குலாப் போரில் அர்பஜா பின் அஸ்அத் (றழி) அவர்கள் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் ஒன்று செய்து பொருத்தினார்கள், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகியவற்றில் பதிவாகியுள்ள செய்தி இது. ஆண்களுக்குத் தங்கம் ஹறாமாயினும் அவருக்கு அனுமதி கிடைத்தது. இன்றைய ஆய்வாளர்கள் தேடுவதும் இப்படி உடலோடு ஒத்துப்போகும் பொருளைத்தான்.

இருதய வால்வு மாற்ற வேண்டுமென்று வைத்தியர் சொன்னதும், "பன்றியின் வால்வாமே" என்று அஞ்சிச் சிகிச்சையையே கைவிட நினைக்கும் சகோதரிகள் உண்டு. அவசரப்படாதீர்கள். மாட்டின் இருதய உறையிலிருந்தும் வால்வு செய்கிறார்கள். காபனால் செய்த செயற்கை வால்வும் உண்டு. அது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க வார்பரின் குளிசை எடுக்க வேண்டும். அக்குளிசை, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கலாம். (அதற்காகத் தாமாகவே நிறுத்திவிடுவதும் பேராபத்து.) மாட்டு வால்வுக்குப் பெரும்பாலும் அது நெடுநாள் தேவைப்படாது. எனினும் 10-15 வருடங்களில் பழுதடையக்கூடும். இளம் வயதினருக்கு அதற்கும் முன்பே.

ஆகவே பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்கள் கணவரோடு சென்று, சத்திரசிகிச்சைக்கு முன்பே இதனை வைத்தியரிடம் மனந்திறந்து பேசிக்கொள்ளுங்கள். வேறு வால்வே கிடைக்காமல் உயிருக்கு ஆபத்து என்றால் நிர்ப்பந்தத்தின் சட்டம் வேறு. அதை ஓர் ஆலிமிடம் கேளுங்கள். அடுத்த வீட்டில் கேட்காதீர்கள்.