போட்டோவைத் திருத்தலாம், அசலை அழிக்காமல்!



குழுவாக நின்று போட்டோ எடுக்கிறோம். பின்னால் வானம் பளிச்சென்று இருக்கிறது. மர நிழலில் நின்ற நம் முகங்கள் மட்டும் இருட்டாகி விடுகின்றன. விற்பனைக்கு ஓலைக்கூடையைப் படம் எடுத்தால், ஒரு பக்கம் பின்னலே தெரிவதில்லை. மொத்தப் படத்துக்கும் வெளிச்சத்தைக் கூட்டினால் மற்ற இடமெல்லாம் வெளுத்துப் போகும். வேண்டிய இடத்தில் மட்டும் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு.

பிலிம் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் இருட்டறையில் செய்த வேலைதான் இது. போட்டோத் தாளில் வெளிச்சம் அதிகம் பட்ட இடம் கறுக்கும். அட்டைத் துண்டால் சிறிது நேரம் மறைத்தால் அந்த இடம் தெளிவாகும். இதற்கு டாட்ஜ் என்று பெயர். ஓட்டை போட்ட அட்டை வழியே கூடுதல் வெளிச்சம் விட்டால் கறுக்கும். இது பர்ன்.

போட்டோஷாப்பிலும், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலும் இதே பெயரில் கருவிகள் உள்ளன. அவற்றை நேராகப் படத்தின் மேல் தேய்த்துச் சேமித்து மூடிவிட்டால், பழைய படம் திரும்பக் கிடைக்காது. நம் ரொக்கப் புத்தகத்தில் தப்பு வந்தால் பிளேடால் சுரண்டுவோமா? மாட்டோம். எழுதியதை அப்படியே விட்டு, திருத்தத்தைத் தனியாக எழுதுவோம். படத்துக்கும் அதே முறைதான்.

செய்முறை:

1. படத்தின் மேல் புதிய லேயர் ஒன்று போடுங்கள். இது படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் மாதிரி.

2. அதில் நடுத்தரச் சாம்பல் நிறம் நிரப்புங்கள். நிற எண் 808080. லேயர் மோடை ஓவர்லே என்று மாற்றுங்கள். சாம்பல் மறைந்து, படம் முன்பு போலவே தெரியும்.

3. ஓரம் மென்மையான பிரஷ் எடுத்து, ஒபாசிட்டியை 10 சதவீதம் வையுங்கள். வெள்ளை தடவினால் அந்த இடம் வெளிச்சமாகும். கறுப்பு தடவினால் இருளும். கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள்.

4. அதிகமாகிவிட்டதா? ஒபாசிட்டியை 100 ஆக்கி, அங்கே மறுபடி அதே சாம்பலைப் பூசுங்கள். சரியாகிவிடும்.

5. போட்டோஷாப்பில் பிஎஸ்டி, ஜிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் வகையில் சேமித்தால் லேயர் தனியாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப, வேறு பெயரில் ஜேபெக் நகல் எடுத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். முழு வெள்ளையாகிப் போன இடத்தில் எவ்வளவு கறுப்பு தடவினாலும் ஒன்றும் திரும்ப வராது. அதனால் முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று எடுப்பதுதான் முதல் வேலை.

அடுத்தது, இது நிழலை விலக்கத்தான், நிறத்தை மாற்ற இல்லை. வெயிலில் உழைக்கும் நம் முகத்தை வெளுத்துக் காட்டினால் அது நாம் இல்லை. கூடையில் இருக்கும் கறையை மறைத்துக் காட்டினால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அடுத்த ஆர்டரும் வராது.

கணினி தெரிந்த மகளையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒரு படத்தில் செய்து பாருங்கள். அசல் பத்திரமாக இருப்பதால் பயமே வேண்டாம்!