பாட்டில் வேண்டாமென்றால் பாலாடை

பேறுகால விடுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பல வீடுகளில் இந்தச் சிக்கல் தெரியவருகிறது. அதுவரை அம்மாவிடம் மட்டுமே குடித்து வளர்ந்த பிள்ளையின் வாயில் முதல்முறையாக பாட்டிலை வைக்கிறார்கள். அது நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, இன்னும் வற்புறுத்தினால் வீலென்று அலறுகிறது. "இப்படிப் பிடிவாதம் பிடித்தால் எப்படி?" என்று பாட்டி கவலைப்பட, அம்மா வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

இதில் பிடிவாதம் எதுவும் இல்லை. பிறந்த முதல் வாரங்களில் வாய்க்குள் எது பட்டாலும் சப்புவது அனிச்சைச் செயல். மூன்று நான்கு மாதத்தில் அது தேய்ந்து, பிள்ளை தானாக விரும்பிச் சப்பத் தொடங்குகிறது. வேண்டாததைத் தள்ளவும் அப்போது தெரிந்துவிடுகிறது. 2017 முதல் நம் நாட்டுச் சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்பதால் பலர் நாலு, ஐந்து மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த அதே நேரத்தில் பாட்டில் வந்து சேர்கிறது.

குடிக்கும் விதமும் வேறு. மார்பில் பிள்ளை வாயை அகலத் திறந்து கவ்வி, நாக்கை அலைபோல அசைத்துக் குடிக்கிறது. சிறிது நேரம் சப்பிய பிறகுதான் பால் இறங்கும். சற்றே நிறுத்தினால் அதுவும் தணியும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலோ நிப்பிளில் இருந்து பால் சொட்டிக்கொண்டே இருக்கும். மூச்சுவிட இடைவெளி கிடைக்காத பிள்ளைக்குப் புரையேறுகிறது. ஒருமுறை புரையேறினால் அடுத்தமுறை பாட்டிலைப் பார்த்ததுமே அழும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது நாம் கொடுக்கும் விதத்தை. பிள்ளையைக் கிடத்தாமல் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலை ஏறக்குறைய படுக்கைவாக்கில் பிடித்து, நிப்பிளால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை தானே வாயைத் திறந்து இழுத்துக்கொள்ள வேண்டும். நாம் திணிக்கக் கூடாது. நாலைந்து முறை விழுங்கியதும் பாட்டிலைத் தாழ்த்தி மூச்சுவிட விடுங்கள். மெதுவாகப் பால் வரும் நிப்பிளே போதும். பசி முற்றி அழும்போது புதியதைப் பழக்குவது நடக்காத காரியம். தூங்கி எழுந்து லேசாகப் பசி தெரியும் நேரம்தான் நல்லது. அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும். அம்மா பக்கத்து அறைக்குப் போய்விடலாம். அம்மாவின் வாசனை வரும் தூரத்தில் பிள்ளை ஏன் பாட்டிலைத் தேடப்போகிறது?

பத்து நிமிடத்துக்கு மேல் போராட வேண்டாம். மூக்கைப் பிடிப்பது, கன்னத்தை அழுத்தி வாயைத் திறப்பது, இரண்டு வேளை பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று காத்திருப்பது எல்லாம் பிள்ளைக்குப் பாலின் மீதே பயத்தை உண்டாக்கும். நிப்பிளில் தேன் தடவிக் கொடுக்கும் பழக்கமும் வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர், ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் குடிக்கவில்லையா? பாட்டிலை விட்டுவிடுங்கள். பிள்ளைக்குத் தேவை பால்; பாட்டில் அல்ல. நம் வீடுகளில் பால் புகட்டும் சங்கும், மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையும் இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்து, சப்ப இன்னும் வலுவில்லாத குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையால்தான் ஊட்டுகிறார்கள். நிப்பிள், மூடி, வளையம் என்று அழுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாததால் கழுவிக் கொதிக்கவைப்பதும் எளிது. நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளையின் கீழுதட்டில் பாலாடையின் மூக்கை வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்தால் அது நாக்கால் நக்கியும் உறிஞ்சியும் குடிக்கும். விழுங்கியதும் அடுத்த வாய். சின்ன எவர்சில்வர் டம்ளரிலும் இதே முறைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கால்களை நீட்டி, அவற்றின் மீது பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, வாய்க்குள் மடமடவென்று ஊற்றும் பழைய பழக்கம் ஆபத்தானது. அழும் பிள்ளைக்கு அப்படி ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைப் பாதிக்கலாம். சங்கின் மீது குறையில்லை, ஊற்றும் விதத்தில்தான் குறை.

சில நேரம் கோளாறு பாலின் வாசனையிலேயே இருக்கும். சில அம்மாக்களின் பாலில், கொழுப்பைச் செரிக்கும் நொதி மிகுந்திருந்தால், ஃபிரிட்ஜில் வைத்த பால் சோப்பு வாடை அடிக்கும். அது கெட்டுப்போனதல்ல, ஆனாலும் சில பிள்ளைகள் தொடாது. பிழிந்தவுடன் கொடுத்துப் பாருங்கள். அதைக் குடித்து, வைத்திருந்ததை மறுத்தால் காரணம் இதுதான். பிழிந்த கையோடு ஓரங்களில் குமிழி எழும்வரை சுடவைத்து, உடனே ஆறவைத்து எடுத்துவைத்தால் அந்த வாடை வராது. பிழிந்த பாலை 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் வரை வைக்கலாம். நம் ஊர் வெயிலில் அதை நம்ப வேண்டாம், நேரே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். அங்கே 4 நாள் தாங்கும். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கலாம். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடத்தில் கொதித்து வாயைச் சுட்டுவிடும். குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு, அம்மா இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 30 மில்லி போதும். எட்டு மணி நேரத்துக்கு 240 மில்லி. சில பிள்ளைகள் பகலில் அதிலும் பாதிதான் குடிக்கும். அம்மா வந்ததும் விடாமல் குடித்து, இரவிலும் இரண்டு மூன்று முறை கூடுதலாக எழுந்து ஈடுகட்டிவிடும். அம்மாவுக்குத் தூக்கம் கெடும், அது கஷ்டம்தான். அந்த நாட்களில் சமையலையும் மற்ற வேலைகளையும் வீட்டில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பிள்ளைக்குப் பால் போதுகிறது. சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, அம்மாவிடமும் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். குடிக்கும்போதெல்லாம் புரையேறுகிறது என்றாலும் காட்டத்தான் வேண்டும்.

அலுவலகத்திலும் கேட்டுப் பெற வேண்டியது இருக்கிறது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்கிறது சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். பக்கத்தில் வீடு என்றால் அந்த நேரத்தில் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லலாம், இல்லாவிட்டால் பால் பிழிந்து வைக்கலாம்.

ஐந்து மாதப் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு மாதம் நிரம்பியதும் குழைத்த பருப்புச் சாதமும் மசித்த வாழைப்பழமும் தொடங்கிவிடலாம். பகலில் அம்மா இல்லாத நேரத்துக்கு அவை கைகொடுக்கும். பாலை டம்ளரிலோ கூழில் கலந்தோ கொடுக்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு பாட்டிலை நிறுத்தும்படிதான் மருத்துவர்களே சொல்கிறார்கள். இடையிலுள்ள சில வாரங்களுக்காகப் பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பாலாடையை எடுத்துக் கொதிக்கவையுங்கள்.