பெல்லந்தூரில் இறங்கிய கடல் விமானங்கள்

தண்ணீரில் மிதக்கும் விமானத்தில் வேலை பார்க்கிற மெக்கானிக் ஸ்பேனரைக் கைநழுவ விட்டால் அது கடலுக்குத்தான். இரண்டாம் உலகப் போரில் கேட்டலினா விமானங்களைப் பராமரித்தவர்கள் பட்ட பாடு அது. இலங்கையின் கொக்கலையிலிருந்து பறந்த கேட்டலினா ஒன்றுதான் 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு சொன்னது. டியாகோ கார்சியா, மாலத்தீவின் அட்டு போன்ற பவளத்தீவுகளிலும் இவை தங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. இறக்கைமேல் நின்றுகொண்டு 14 சிலிண்டர் எஞ்சினைப் பார்க்க வேண்டும்; அடிவயிற்றில் ரிவெட் தளர்ந்தால் தண்ணீர் கசியும், இறைத்துக் கொட்ட வேண்டும். தீவில் முடிந்தது இவ்வளவே.

பெரிய வேலைக்கு மைசூர் சமஸ்தானம்தான் கைகொடுத்தது. வால்சந்த் ஹிராசந்த் 1940 டிசம்பரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு மைசூர் அரசு பெங்களூரில் நிலமும் தந்து பங்குதாரராகவும் சேர்ந்தது. 1943இல் ஆலை அமெரிக்க ராணுவத்தின் பொறுப்புக்குப் போக, விமானம் செய்ய வந்த ஆலை விமானம் பழுதுபார்க்கும் பட்டறையாயிற்று. கேட்டலினாக்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கி ஓவர்ஹாலுக்குப் போயின. அந்த ஏரி கழிவுநீரால் நுரைத்ததைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டம்தான்.

இன்று அதே ஆலையின் வாரிசான எச்ஏஎல் செய்யும் துருவ் ஹெலிகாப்டர்கள் அந்தமானுக்குப் போகின்றன. போர்ட் பிளேரின் ஐஎன்எஸ் உத்குரோஷ் தளத்தில் 2022 ஜனவரியில் அவை சேர்ந்தன. அங்கிருந்து சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர்; சின்ன வேலைக்கெல்லாம் கரைக்கு அனுப்ப முடியாது. கடல்மேல் பறந்து வந்த ஹெலிகாப்டரை உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். மழைநீரை நம்பும் தீவுகளில் அந்தத் தண்ணீருக்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். ஹெலிகாப்டருக்காவது ஹேங்கர் உண்டு. இழுவை டிராக்டர், ஜாக், பேட்டரி டிராலி எல்லாம் பெரும்பாலும் வெளியில் நிற்பவை. உப்புக்காற்று முதலில் தின்பது அவற்றைத்தான்.

தினசரிப் பராமரிப்பு தீவிலேயே நடக்கிறது என்றாலும் பெங்களூரின் பிடி விடவில்லை. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்ததும் பெங்களூர் ஆலையின் துருவ்கள் எல்லாமே நாடெங்கும் நிறுத்தப்பட்டன. ராணுவமும் விமானப்படையும் மே மாதம் மீண்டும் பறக்க அனுமதி பெற்றன; கடற்படை அதன்பிறகும் காத்திருந்தது. நோயாளியைத் தூக்கிவரவும் ஹெலிகாப்டரை நம்பும் தீவுகளில் ஒரு ரகம் முடங்கினால் இன்னொன்று தயாராக நிற்க வேண்டும். அந்தச் செலவுக்கு டெல்லி கணக்குப் பார்க்கக் கூடாது.