காற்று வகுக்கும் வழி: இலங்கையில் மலை நடையும் கூடாரப் பயணமும்

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. வடக்கிலிருந்து தெற்கே சுமார் 430 கி.மீ., அகலம் மிஞ்சிப்போனால் 225 கி.மீ. இந்த அளவுக்குள் 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலை, அட்டை ஊரும் மழைக்காடு, யானை திரியும் வறண்ட காடு, தேயிலைச் சரிவு, பனைவெளி, பவளக்கல் தீவு எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு ஒரே வட்டமாகச் சுற்றிவிடலாம் என்று தோன்றும். சாலைப் பயணம், மலை நடை, கூடாரம் மூன்றையும் சேர்த்துப் போகிறவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். இந்தத் தீவுக்குப் போக முதலில் எடுக்க வேண்டியது நாட்காட்டி, வரைபடம் பிறகு.

தீவுக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மேற்கையும் தெற்கையும், மத்திய மலைகளின் மேற்குச் சரிவையும் நனைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வடகிழக்குக் காற்று வடக்குக்கும் கிழக்குக்கும் மழை தரும். உழவர்கள் சிறுபோகம், பெரும்போகம் என்று ஆண்டைப் பிரித்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். நடுவில் நிற்கும் மலைத்தொடர் காற்றைத் தடுத்து மேலே தள்ளுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து ஒரு பக்கம் கொட்டிவிட்டு, மறுபக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. மட்டக்களப்புப் பக்கம் ஜூன், ஜூலையில் உடலைச் சுடும் கச்சான் காற்று அப்படி வருவதுதான்.

புனேயின் லோஹேகாவில் வசிப்பவருக்கு இது பழகிய சங்கதி. அரபிக்கடலிலிருந்து வரும் அதே தென்மேற்குக் காற்று சஹ்யாத்ரியில் மோதி மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே மழைமறைவில் இருக்கும் புனேக்கு மிஞ்சுவது சுமார் 700 மி.மீ. ஆனால் புனேக்காரர்களிடம் உள்ள ஒரு வழக்கம் இலங்கையில் உதவாது. சஹ்யாத்ரியில் மலை நடைக்கு உகந்த காலம் மழைக்காலம். ஜூலையில் கோட்டைகளில் கூட்டம் நெரியும். அதே ஜூலையில் இலங்கையின் யாத்திரைத் தலமான சிவனொளிபாதமலையில் ஏறினால் காற்றும் மழையும் முகத்தில் அறையும். படிக்கட்டு விளக்குகள் எரியாது, தேநீர்க் கடைகள் அடைத்திருக்கும், உச்சியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆகவே பயணம் இரண்டு விதமாகத்தான் அமையும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போகிறவருக்கு மேற்கு மலைகளும் தென்கரையும். மே முதல் செப்டம்பர் வரை போகிறவருக்கு யாழ்ப்பாணம், கிழக்குக் கரை, மலைகளின் கிழக்குச் சரிவான ஊவா. அக்டோபரும் நவம்பரும் பிற்பகல் இடிமழைக்கும் புயலுக்கும் உரியவை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையகத்தில் மண்சரிவு சாலைகளையும் ரயில் பாதையையும் அறுத்துப் போட்டது. அந்த இரண்டு மாதங்களில் மலைச் சரிவில் கூடாரம் அடிக்கும் திட்டத்தைக் கைவிடுவதே சரி.

முதல் வழி கொழும்பில் தொடங்குகிறது. புனேயிலிருந்து போகிறவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ விமானம் மாறுவது வழக்கம். கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போனால் சிவனொளிபாதமலையின் அடிவாரம். உயரம் 2,243 மீட்டர்; படிகள் 5,000க்கு மேல். டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கி விடியலில் உச்சியைப் பிடிப்பது மரபு. கதிரவன் எழும்போது மலையின் நிழல் மேற்கே மேகத்தின்மீது முக்கோணமாக விழும். பௌத்தர்களும் சைவர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தங்களுக்குரியதாகக் கருதும் உச்சி இது. எல்லாரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். பௌர்ணமிப் போயா நாளிலும் வார இறுதியிலும் உச்சிக்கு அருகில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும் என்பதால் இடைநாள் ஒன்றைத் தேர்வது நல்லது. இரத்தினபுரிப் பக்கத்து வழி இன்னும் நீளம், இன்னும் கடினம்.

அங்கிருந்து நுவரெலியா வழியாக ஹோர்ட்டன் சமவெளி. 2,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் குட்டை மரக் காடும் கலந்த இந்த நிலம் 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் சிவனொளிபாத வனத்தோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்ந்து உலக மரபுச் சின்னமானது. வாயிலில் பணியாளர்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் உறைகளையும் தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டிய சீட்டையும் அங்கேயே உரித்து வாங்கிக்கொள்வார்கள். ஊரிலிருந்தே சோற்றைச் சம்படத்தில் கட்டிக்கொண்டு வந்தவருக்கு அந்த வேலை மிச்சம். சுற்றுநடை சுமார் 9 கி.மீ.; நடுவில் நிலம் திடீரென்று அறுபட்டு ஏறத்தாழ 880 மீட்டர் கீழே விழும் ‘உலக முடிவு’ விளிம்பு. காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆகவே ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. கடற்கரைக்கு எடுத்த மெல்லிய போர்வை இங்கே செல்லாது.

ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகள் கால் ஓய்வுக்கு ஏற்றவை. 300 கி.மீ.க்கு மேல் நீளும் பெகோ நடைபாதை இந்த ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இதை 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். விருப்பமான பகுதியை மட்டும் ஒரு நாளில் நடக்கலாம். பாதையின் பெரும்பகுதி பழைய தோட்டத்துத் தடங்கள். கூடையோடு ஏறி இறங்கி அவற்றைத் தேய்த்தவர்கள் மலையகத் தமிழர்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் வாசலை ஒட்டியே பல இடங்களில் பாதை போகிறது. அங்கே கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வணக்கமும் நாலு வார்த்தை பேச்சும் வேண்டும். தமிழில் பேசி வழி கேட்கும் பயணிக்கு அங்கே கிடைக்கும் உபசரிப்பு தனி.

அந்த மக்களின் முன்னோர் இராமேசுவரம் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடே மாத்தளை வரை நடந்தே போனவர்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலேயே பலர் பலியானார்கள். அவர்கள் வந்ததன் இருநூறாண்டு நினைவாக 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நினைவு நடை நடந்தது. மன்னாரின் உப்புவெளியில் கிளம்பி வறண்ட காட்டைக் கடந்து மலையடிவாரத்தைச் சேரும் அந்தத் தடத்தைக் காரில் தொடர்ந்தாலே நிலம் மாறுவது தெரியும். வழித்திட்டத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கலாம்.

இரண்டாம் வழி வடக்கிலிருந்து தொடங்குவது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி இடையில் நின்ற பயணிகள் கப்பல், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். மாற்றாகச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஏற மலை கிடையாது. குறிகட்டுவானிலிருந்து படகில் நெடுந்தீவுக்குப் போய், பவளக்கல்லை அடுக்கிய வேலிகளுக்கு நடுவே, காட்டுக் குதிரைகள் மேயும் வெளியில் வெயில் ஏறுமுன் நடந்து திரும்பலாம். பிறகு ஆனையிறவைத் தாண்டித் தெற்கே வந்து, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எனக் கரையோரமாக இறங்கலாம்.

இந்தக் கிழக்குக் கரை வழி தமிழர்களுக்கு வெகுகாலப் பழக்கம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் பாதயாத்திரை போகிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு ஊடாக உகந்தை வரை ஊர்கள் சோறும் தங்க இடமும் தரும். உகந்தைக்குப் பிறகு குமனை, யால காடுகள். கும்புக்கன் ஆற்றைக் கடந்து சில நாள் காட்டிலேயே உறங்கி, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேர்வார்கள். தென்மேற்குப் பருவத்தில் கிழக்கு காய்ந்திருக்கும், ஆறு கால் வைக்கும் அளவுக்கு வற்றியிருக்கும் என்பதால் இந்தக் காலம் வழிக்கும் பொருந்துகிறது. காட்டுப் பாதை யாத்திரைக் காலத்தில் மட்டும், அதிகாரிகள் அறிவிக்கும் நாட்களில்தான் திறக்கும். தீவின் மிகப் பழைய கூடாரப் பயணத் திட்டம் இதுவே என்று சொல்லலாம்; தண்ணீர் எங்கே, இரவு எங்கே என்ற இரு கேள்விகளைச் சுற்றியே அது அமைந்திருக்கிறது.

கூடாரம் அடிக்கும் இடத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. தேசியப் பூங்காக்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். அங்கே குறிக்கப்பட்ட முகாம் இடங்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சிங்கராஜா, நக்கிள்ஸ் போன்ற காடுகள் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். அதற்கு வேறு அனுமதிச் சீட்டு. அனுமதியில்லாமல் காப்புக் காட்டில் இரவு தங்குவது குற்றம். தேயிலைத் தோட்டத்திலும் அனுமதி வேண்டும். தோட்ட மேலாளரின் ‘துரை பங்களா’விலோ அலுவலகத்திலோ கேட்டுத்தான் துணியை விரிக்கலாம். வடக்கில் இன்னொரு எச்சரிக்கை சேர்கிறது: போர்க்காலக் கண்ணிவெடிகளை அகற்றும் பணி நடந்துவரும் பகுதிகளில் மண்டையோட்டுச் சிவப்புப் பலகைகள் இருக்கும். பலகை தெரிந்தால் சாலையை விட்டு ஓரடிகூட இறங்கக்கூடாது.

யானையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காட்டு யானைகள் 5,879. அவற்றில் பெரும்பகுதி பூங்கா எல்லைக்கு வெளியே, வயலும் குளமும் காடும் கலந்த வறண்ட பிரதேசத்தில் திரிபவை. குளக்கரை அழகான முகாம் இடம் போலத் தோன்றும்; மாலையில் யானை தண்ணீருக்கு வரும் தடமும் அதுவே. காய்ந்த பிண்டம், சாய்ந்த மரக்கிளை, சேற்றில் தட்டு அளவு காலடி கண்டால் இடத்தை மாற்ற வேண்டும். கூடாரத்துக்குள் வாழைப்பழமும் அரிசியும் வைக்கவே கூடாது. புத்தள–கதிர்காமம் சாலையில் வண்டியை மறித்துப் பழம் கேட்கும் யானைகள் உண்டு; பயணிகள் கொடுத்துப் பழக்கியதன் விளைவு அது. இன்று ஒருவர் கொடுக்கும் ஒரு சீப்பு, நாளை யாரோ ஒருவரின் உயிருக்கே உலை வைக்கலாம். அந்தப் பகுதிகளில் இருட்டியபின் ஓட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

இலங்கையிலும் வண்டி இடப்பக்கம்தான். இந்திய உரிமம் மட்டும் போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு அங்குள்ள ஒப்புதலும் பெற வேண்டும். ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பது பெரும்பாலோர் வழக்கம், மலைச் சாலைக்கு அதுவே நிம்மதி. தெற்கு நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகம் அனுமதி. மலையில் மணிக்கு 30 கி.மீ. போனாலே அதிகம்: கண்டியிலிருந்து 77 கி.மீ. தொலைவிலுள்ள நுவரெலியாவுக்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஈர மலையிலிருந்து வறண்ட சமவெளி வரை நிலம் முழுதாக மாறிவிடும். நடை நாளையும் நீண்ட ஓட்ட நாளையும் ஒன்றாகப் போடாமல், ஒரு முகாமில் இரண்டு இரவாவது தங்கினால் உடம்பு தாங்கும்.

மூட்டையில் சேர வேண்டியவை அதிகமில்லை. சமையல் கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் அனுமதிப்பதில்லை. கொழும்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஈரக் காடுகளுக்கு முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டை உறை. அட்டை கடித்தால் பிய்க்காமல் உப்போ சோப்பு நீரோ போட்டால் தானே விழும். பயண அனுமதியை இணையத்தில் முன்பே எடுத்து வைக்க வேண்டும். மலைக்குப் புறப்படும் நாளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிடுவது அவசியம்.

கால்களைப் பழக்க லோஹேகாவ்வாசிகள் தூரம் போக வேண்டியதில்லை. சிங்ககட் கோட்டை 1,312 மீட்டர். அத்கர்வாடி அடிவாரத்திலிருந்து செங்குத்தாக 600 மீட்டர் அளவுக்கு ஏற வேண்டும். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறுவது அதைவிட மிக அதிகம். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை முதுகில் முழுச் சுமையோடு சிங்ககட் ஏறி இறங்கலாம். ஏற்றத்தைவிட இறக்கத்துக்கு முழங்காலைப் பழக்குவது முக்கியம். 5,000 படியில் கால் நடுங்குவது திரும்பி வரும்போதுதான்.